தோள் இறங்கினால் இழுக்காதீங்க!



போன மாசம் கபடி பிராக்டிஸில் எங்க டீம் அக்கா ஒருத்தங்க பாடிப் போனாங்க. கோட்டைத் தொட கையை நீட்டி விழும்போது நானும் இன்னொருத்தியும் அந்தக் கையைப் பிடிச்சிட்டோம். 'டொக்'குனு ஒரு சத்தம். உருண்டையா இருந்த தோள் தட்டையாயிடுச்சு. "தோள் இறங்கிடுச்சு, இழுத்தா ஏறிடும்"னு ஒரு அண்ணன் கையைப் பிடிச்சு இழுத்தாங்க. அக்கா போட்ட சத்தத்தில் தெருவே கூடிடுச்சு. இழுத்தது தப்புன்னு அப்புறம்தான் எங்களுக்குத் தெரிஞ்சது.

மேல்கை எலும்பின் தலை பந்து மாதிரி இருக்கும். அது உட்காரும் குழி ஆழமே இல்லை. சின்னத் தட்டு மேல எலுமிச்சம்பழம் வைத்தது போல. பந்தில் மூன்றில் ஒரு பங்குகூட குழியில் படாது. அதனால்தான் கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறது, அதனாலேயே நழுவியும் விடுகிறது. சுற்றியுள்ள ஜவ்வும் 4 தசைகளும்தான் அதை இழுத்துப் பிடித்திருக்கின்றன. நழுவினால் பெரும்பாலும் முன்பக்கம்தான் நழுவும். பக்கத்திலேயே நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகின்றன. எலும்பில் விரிசல் இருந்தாலும் வெளியே தெரியாது. கண்டபடி இழுத்தால் எல்லாமே கெடும்.

கை எப்படி இருக்கோ அப்படியே விட்டு, துப்பட்டாவால் கழுத்தோடு தொட்டில் கட்டணும். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றி வைக்கலாம். சாப்பிட எதுவும் கொடுக்கக் கூடாது, மயக்க மருந்து தேவைப்படலாம். உடனே ஆஸ்பத்திரி.

அங்கே டாக்டர் முதலில் கையைத் தொடவே இல்லை. எப்படி விழுந்தாய் என்றுதான் கேட்டார். பிறகு தோளின் வெளிப்பக்கத்தை லேசாகத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார். மணிக்கட்டில் நாடி பார்த்தார். எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் ஊசி போட்டு, மெதுவாக மூட்டை உள்ளே சேர்த்தார். மறுபடி எக்ஸ்ரே, மறுபடி உணர்ச்சிச் சோதனை. 3 வாரம் தொட்டில் கட்டு. அப்புறம் குனிந்து நின்று, கையைத் தொங்கவிட்டு, மணி ஆடுவது போல ஆட்டும் பயிற்சி.

சின்ன வயசில் ஒருமுறை இறங்கிய தோள் திரும்ப இறங்க வாய்ப்பு அதிகமாம். எங்களுக்கு இதுதான் பெரிய பயம். கிரிக்கெட் வீரர் ஷ்ரேயாஸ் ஐயருக்கு 2021 மார்ச்சில் புனேயில், இங்கிலாந்துடன் ஆடும்போது, பந்தைத் தடுக்கப் பாய்ந்ததில் இடது தோள் விலகியது. ஆபரேஷன் செய்து, செப்டம்பரில்தான் மறுபடி ஐ.பி.எல். ஆடினார். அவருக்கே அத்தனை மாசம்!

அக்கா இப்போ ஸ்கோர் எழுதுறாங்க. டாக்டர் சொல்லும் வரை கோட்டுக்குள் கால் வைக்க மாட்டாங்களாம். நாங்க 6 பேரோடதான் பிராக்டிஸ் பண்றோம்.