பாட்டு சட்டைப்பைக்குள் போனது, படம் ஏன் தாமதித்தது?

கையடக்க ரேடியோ 1954இலேயே வந்துவிட்டது. கையடக்க டி.வி. பரவலாகக் கடைக்கு வர 1980கள் ஆயின. இரண்டுமே காற்றில் வரும் அலையைப் பிடிக்கும் பெட்டிகள்தான். பிறகு ஏன் இத்தனை ஆண்டு இடைவெளி?

முதலில் ரேடியோ. 1950களின் தொடக்கம்வரை தூக்கிச் செல்லும் ரேடியோ என்றால் அது வால்வு ரேடியோ. வால்வின் இழையைச் சூடாக்க ஒரு பேட்டரி, அதை வேலை செய்ய வைக்க 67.5 அல்லது 90 வோல்ட்டில் இன்னொரு பேட்டரி. பெட்டியைக் கனமாக்கியது இந்த இரண்டும்தான். 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் உருவான டிரான்சிஸ்டரில் சூடாக்க வேண்டிய இழையே கிடையாது. 1954 அக்டோபரில் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட ரீஜென்சி டிஆர்-1 நான்கே டிரான்சிஸ்டர்களில் ஓடியது. ஒரே ஒரு 22.5 வோல்ட் பேட்டரி, சுமார் 340 கிராம் எடை, 49.95 டாலர் விலை. 1957இல் சோனியின் டிஆர்-63 வந்தது. அது சட்டைப்பையைவிடச் சற்றே பெரிதாக இருந்ததால், விற்பனையாளர்களுக்குப் பெரிய பை வைத்த சட்டை தைத்துக் கொடுத்ததாக சோனியின் இணை நிறுவனர் அகியோ மொரிட்டா தன் சுயசரிதையில் சொல்கிறார். 1979 ஜூலையில் வந்த சோனியின் கேசட் கருவியான வாக்மேனுக்கு இரண்டு பென்சில் பேட்டரி போதுமானதாக இருந்தது.

காது கேட்பது கொஞ்சம். கண் கேட்பது அதிகம். ஏ.எம். ரேடியோ நிலையம் ஒன்றுக்குச் சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் இடம் போதும். அமெரிக்க, ஜப்பானிய அனலாக் டி.வி.யில் படத்துக்கு மட்டும் சுமார் 4.2 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். அதாவது நானூறு மடங்குக்கும் மேல். நொடிக்கு 30 படங்கள், படத்துக்கு 525 கோடுகள். திரையில் இத்தனை கோடுகளையும் வரைய எலெக்ட்ரான் கற்றையைப் படக்குழாய்க்குள் ஆயிரக்கணக்கான வோல்ட்டில் பாய்ச்ச வேண்டும். சோனி 1960இல் வெளியிட்ட டிரான்சிஸ்டர் டி.வி.யான டிவி8-301க்கு எட்டு அங்குலத் திரைதான், ஆனாலும் எடை சுமார் 6 கிலோ. தூக்கலாம், பையில் போட முடியாது.

மின்சாரத்தைக் குறைத்தாலும் படக்குழாயின் ஆழம் விடவில்லை. கற்றை விரிந்து திரை முழுவதையும் தொட, எலெக்ட்ரான் துப்பாக்கி திரைக்குப் பின்னால் தள்ளி நிற்க வேண்டும். இதற்கு 1982இல் வந்த கையடக்க டி.வி.யான சோனி வாட்ச்மேனில் கண்ட தீர்வு, இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் வேலை. துப்பாக்கியைத் திரைக்குக் கீழே, திரைக்கு இணையாகப் படுக்க வைத்தார்கள். கீழிருந்து மேலே ஓடும் கற்றையை வளைத்துத் திரையில் விழவைத்தார்கள். கற்றை படும் பக்கத்திலிருந்தே நாம் படத்தைப் பார்க்கிறோம். இரண்டு அங்குலக் கறுப்பு வெள்ளைப் படம்தான், ஆனால் பெட்டி தட்டையாகிவிட்டது. பிரிட்டனில் கிளைவ் சின்க்ளேரும் 1983இல் தட்டைக் குழாய் டி.வி. ஒன்றைக் கொண்டுவந்தார், அதற்கு மின்சாரம் கொடுத்தது போலராய்டின் மெல்லிய தட்டை பேட்டரி.

இவ்வளவு அழகான குழாய்க்கும் ஆயுள் குறைவாகவே வாய்த்தது. 1984இல் எப்சன் ஈடி-10 வண்ணப்படத்தைத் திரவப் படிகத் திரையில் காட்டியது. அதற்குப் படக்குழாயும் வேண்டாம், ஆயிரம் வோல்ட்டும் வேண்டாம். கையடக்க டி.வி. அதன்பின் அந்த வழியில் போனது.

அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் 2009 ஜூன் 12 அன்று அனலாக் ஒளிபரப்பை நிறுத்தின. ஜப்பானின் பெரும்பகுதியில் அது 2011 ஜூலையில் நின்றது. அவற்றோடு இரு நாடுகளிலும் பழைய வாட்ச்மேன்களில் பெரும்பாலான நிலையங்கள் வருவது நின்றுபோனது. ஏ.எம். ஒலிபரப்பு மாறவில்லை. 22.5 வோல்ட் கொடுத்தால், பழுதில்லாத டிஆர்-1 இன்றைக்கும் அமெரிக்காவில் நிலையம் பிடிக்கும்.