காப்போரைத் தாங்கும் கைகள்

தீப்பற்றிய வீட்டிலிருந்து மக்கள் அலறிக்கொண்டு வெளியே ஓடிவரும் வேளையில், அதே வாயிலால் உள்ளே நுழைவதைத் தம் கடமையாகக் கொண்டவர்கள் சிலர் உளர். தீயணைப்புப் படையினர், அம்புலன்ஸ் வண்டியில் விரைந்து வரும் ஊழியர், வைத்தியசாலையின் விபத்துப் பிரிவிலே இரவு பகலாக நிற்கும் தாதியர், இடிபாடுகளைத் தோண்டி உயிர் தேடும் மீட்புப் பணியாளர், பொலிஸார் ஆகியோரே அவர்கள். அவர்களுடைய துணிவை உலகம் மனமாரப் போற்றுகின்றது. ஆயின், அத்துணிவுக்கு அவர்கள் கொடுக்கும் விலை எத்தகையது என்பதை உலகம் பெரும்பாலும் அறிவதில்லை.

உடலுக்கு நேரும் ஆபத்து அவ்விலையின் ஒரு பகுதியே. காப்பாற்ற முடியாமற்போன ஒரு குழந்தையின் முகம், இன்னும் ஐந்து நிமிடம் முந்தி வந்திருந்தால் என்று ஓயாமல் எழும் எண்ணம், உறக்கம் வராத இரவுகள், வீட்டாரிடம் சொல்லவும் முடியாமல் மறைக்கவும் முடியாமல் உள்ளே கிடந்து உறுத்தும் காட்சிகள் ஆகியவையும் அவ்விலையிற் சேர்ந்தவையே. சாதாரண மனிதர் ஒருவர் தம் வாழ்நாளில் ஒரு கோரமான விபத்தைக் கண்டால் அதனை என்றும் மறப்பதில்லை. இவர்களோ ஒரே வாரத்திற் பலவற்றைக் கண்டுவிட்டு, மறுநாட் காலையிலும் கடமைக்குத் திரும்ப வேண்டியவர்கள். இத்தகையோருக்குச் சமய நம்பிக்கை எவ்வாறு ஊக்கம் அளிக்கக்கூடும்? கிறிஸ்தவ மரபு இக்கேள்விக்குத் தந்துள்ள விடை, கிறிஸ்தவரல்லாதாரும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

மேலைநாட்டுத் தீயணைப்புப் படையினர் பலர் தம் பாதுகாவலராகக் கொண்டாடும் புனிதர் புளோரியன் என்பவர். அவர் இன்றைய ஒஸ்திரிய நாட்டின் பகுதியிலே பணிபுரிந்த உரோம அதிகாரி. பேரரசன் தியோக்கிளேசியன் கிறிஸ்தவரைத் துன்புறுத்திய காலத்தில், 304ஆம் ஆண்டில், தம் நம்பிக்கையைக் கைவிட மறுத்தமைக்காக எண்ஸ் நதியில் அமிழ்த்திக் கொல்லப்பட்டார். எரிந்துகொண்டிருந்த ஓர் ஊரை ஒரே வாளித் தண்ணீரால் அவர் காப்பாற்றினார் என்ற கதை பிற்காலத்தில் எழுந்தது. தீயின்மீது வாளியைக் கவிழ்க்கும் கோலத்தில் அவருடைய சிலையை மத்திய ஐரோப்பாவின் பல ஊர்களில் இன்றும் காணலாம்.

புளோரியனின் திருநாள் மே மாதம் 4ஆந் திகதி. அதே நாளே இன்று சர்வதேசத் தீயணைப்பாளர் தினமாகவும் அனுட்டிக்கப்படுகின்றது. அத்தினம் தோன்றிய வரலாறு கதையிலுள்ள அற்புதத்துக்கு முற்றிலும் மாறானது. 1998ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆந் திகதி, அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் லின்டன் என்னும் இடத்துக்கு அருகே மூண்ட காட்டுத் தீயை அணைக்கத் தொண்டர்கள் சென்றிருந்தனர். காற்றுத் திடீரெனத் திசை மாறியது. ஒரே வண்டியில் இருந்த ஐவர் தீயிற் சிக்கி மாண்டனர். அத்துயரத்தின் பின்னரே, உலகெங்கும் தீயணைப்பாளரை நினைவுகூர ஒரு நாள் வேண்டும் என்ற கருத்து எழுந்து, புளோரியனின் திருநாள் அதற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டது.

நம்பிக்கையைப் பற்றிய ஓர் அடிப்படை உண்மை இதில் அடங்கியுள்ளது. நம்பிக்கை என்பது ஆபத்தைத் தடுக்கும் தாயத்து அன்று. பக்தியுள்ளவர்மீது நெருப்புப் படாது என்று கிறிஸ்தவம் வாக்களிக்கவில்லை. சிலுவையை நடுவில் வைத்த ஒரு சமயம் அவ்வாறு வாக்களிக்கவும் இயலாது. அப்படியாயின் அது அளிக்கும் ஊக்கம் யாது?

வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டில் எலியா என்னும் தீர்க்கதரிசியின் வரலாறு ஒன்று உண்டு. கர்மேல் மலையிலே தனியொருவராக நின்று பெரும் போராட்டம் ஒன்றை வென்ற எலியா, அடுத்த நாளே அரசி யேசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி வனாந்தரத்துக்கு ஓடினார். அங்கே ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, இனி வாழ வேண்டாம், தம் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கடவுளிடம் மன்றாடினார். வென்ற வீரர் அவ்வாறு சோர்ந்து கிடந்தபோது, கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. வீரம் எங்கே போயிற்று என்று கேட்கவுமில்லை. தூதன் ஒருவன் வந்து அவரைத் தொட்டு எழுப்பித் தழலிற் சுட்ட அப்பத்தையும் தண்ணீரையும் கொடுத்தான். அவர் உண்டு மறுபடியும் உறங்கினார். தூதன் இரண்டாம் முறையும் வந்து, போகவேண்டிய வழி நெடியது என்று சொல்லி உண்ணச் செய்தான். நாற்பது நாட் பயணத்தின் பின், ஓரேப் மலையிலேதான் அவருக்கு அறிவுரையும் புதிய பணியும் கிடைத்தன.

இவ்வரலாற்றிலுள்ள ஒழுங்கு கவனிக்கத்தக்கது. முதலில் உணவு, அடுத்து உறக்கம், மீண்டும் உணவு, அதன் பின்னரே வார்த்தை. களைத்தவரைத் தேற்ற முற்படுவோர் பலர் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி, முதலில் வார்த்தையைக் கொடுத்துவிடுகின்றனர்.

இந்த ஒழுங்கு ஏட்டிலே மட்டும் நில்லாமல் நம் காலத்திற் செயலான இடம் ஒன்று நியூயோர்க் நகரில் இருக்கின்றது. 2001ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆந் திகதி அந்நகரின் உலக வர்த்தக மையத்தின் இரு கோபுரங்களும் விமானத் தாக்குதலால் வீழ்ந்தபோது, அந்நகரத் தீயணைப்புப் படை மாத்திரமே 343 பேரை இழந்தது. அவர்களுள் ஒருவர் மைக்கல் ஜட்ஜ் என்னும் கத்தோலிக்கக் குருவானவர்.

1933ஆம் ஆண்டு புரூக்ளினில், அயர்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்கு மகனாகப் பிறந்த இவர், ஆறு வயதிலேயே தந்தையை இழந்தவர். சிறுவயதிற் புகையிரத நிலையத்திலே சப்பாத்துத் துடைத்துக் காசு தேடியவர். பின்னர் பிரான்சிஸ்கன் சபையிற் சேர்ந்து 1961இற் குருவானார். 1992ஆம் ஆண்டிலிருந்து தீயணைப்புப் படையின் ஆன்ம குருவாகப் பணியாற்றினார். இவரது மடத்துக்கு நேர் எதிரே ஒரு தீயணைப்பு நிலையம் இருந்தது. 1996இல் லோங் ஐலண்ட் கரையோரமாகக் கடலில் வீழ்ந்த விமானத்தில் 230 பேர் மாண்டபோது, அவர்களுடைய குடும்பத்தாரோடு இருந்து ஆறுதல் அளித்தவர்களுள் இவரும் ஒருவர். குடிப்பழக்கத்திலிருந்து பெருமுயற்சியோடு மீண்டவராகையால், மனிதனின் பலவீனம் இன்னதென்பதைத் தம் வாழ்விலேயே கண்டறிந்தவர். சோர்ந்தவர்கள் இவரை நாடியதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

தாக்குதலுக்கு முதல்நாள், புதுப்பிக்கப்பட்ட ஒரு தீயணைப்பு நிலையத்தில் இவர் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். மறுநாட் காலை, வடக்குக் கோபுரத்தின் கீழ்மண்டபத்தில், மேலே ஏறிச்செல்லும் வீரர்களோடும் அவர்களை அனுப்பும் அதிகாரிகளோடும் நின்றார். 9 மணி 59 நிமிடத்துக்குத் தெற்குக் கோபுரம் சரிந்தபோது சிதறிவந்த இடிபாடுகள் அம்மண்டபத்தையும் தாக்கின. அங்கே இவர் உயிர்நீத்தார். ஐந்து பேர் இவரைச் சுமந்துவரும் புகைப்படம் உலகெங்கும் வெளியாயிற்று. அருகிலிருந்த புனித பேதுரு ஆலயத்தின் பீடத்தின் முன்னே இவரது உடலைக் கிடத்தினார்கள். அன்றைய மரணங்களின் அதிகார பூர்வமான பதிவிலே முதலாம் இலக்கம் இவருக்குரியது.

இவர் அங்கே யாது செய்தார்? தீயை அணைக்க இவருக்குத் தெரியாது. கோபுரத்தைத் தாங்கிப் பிடிக்கவும் இயலாது. ஏறிச் செல்பவர்கள் தாம் தனியே போகவில்லை என்று அறியும்படி, அவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார். ஆன்ம குருவின் தொழில் இத்தகையது. பொதுப் படையொன்றில் அவர் எச்சமயத்தாருக்கும், சமயமே இல்லாதாருக்கும் உரியவர். மதம் மாற்றுவது அவருடைய வேலையன்று. உடனிருப்பதே அவருடைய வேலை.

கோபுரங்கள் நின்ற நிலத்துக்கு எதிரே புனித பவுலின் சிற்றாலயம் இருக்கின்றது. 1766இற் கட்டப்பட்ட இந்த அங்கிலிக்கன் ஆலயம், கோபுரங்கள் சரிந்தபோது பெருஞ் சேதமின்றித் தப்பியது. இடிபாடுகளின் அடியிலே நெருப்பு டிசெம்பர் மாதம் வரை கனன்றுகொண்டிருந்தது. உடல்களைத் தேடி எடுக்கும் பணி 2002 மே மாத முடிவு வரை நீடித்தது. அம்மாதங்களில் இவ்வாலயம் பணியாளருக்கு இரவும் பகலும் திறந்திருந்தது. தொண்டர்கள் சூடான உணவு சமைத்துப் பரிமாறினர். கட்டில்களிலும் ஆசனங்களிலும் களைத்தவர்கள் படுத்துறங்கினர். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் சிறுவர் எழுதியனுப்பிய கடிதங்களும் சித்திரங்களும் சுவர்களை நிறைத்தன. ஒருபுறம் வழிபாடு நடக்க, மறுபுறம் உறங்குவோர் உறங்கினர். பணியாளரின் கனத்த சப்பாத்துகளும் கருவிகளும் பட்டு ஆசனங்களின் வண்ணப்பூச்சுக் கீறுண்டது. அக்கீறல்களை அழிக்காமல் நினைவுச் சின்னமாகவே ஆலயத்தார் பேணினர்.

அவ்வாலயத்தில் அமெரிக்காவின் முதலாவது ஜனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன் அமர்ந்து வழிபட்ட ஆசனம் ஒன்று உண்டு. 1789இற் பதவியேற்ற அன்று அவர் வழிபட்டதும் இவ்வாலயத்திலேதான். வரலாற்றுப் புகழ்பெற்ற அந்த ஆசனத்திலே, அம்மாதங்களிற் பாத வைத்தியர்கள் இருந்து தீயணைப்பாளரின் புண்பட்ட கால்களுக்கு மருந்திட்டார்கள். வெந்த மண்ணிலும் முறுக்கிய இரும்பிலும் நடந்த கால்கள் அவை. இயேசு தாம் இறப்பதற்கு முந்திய இரவிற் சீடரின் கால்களைக் கழுவினார் என்று யோவான் எழுதிய நற்செய்தி கூறுகின்றது. அச்செய்கையை விளக்க இதனினும் சிறந்த பிரசங்கம் ஒன்று வேண்டியதில்லை.

ஊக்கம் தருவதாக எண்ணிச் சொல்லப்படும் சில வார்த்தைகள் உண்மையிற் பாரமாகிவிடுவதும் உண்டு. எல்லாம் கடவுளின் சித்தம் என்று, குழந்தையின் உடலை இப்பொழுதுதான் தூக்கிவந்தவரிடம் சொல்வது கொடுமை. நீர் மாவீரர் என்று ஓயாமற் புகழ்ந்தால், அவர் அழுவதற்கு இடமில்லாமற் போகின்றது. லாசருவின் கல்லறை அருகே இயேசுவே அழுதார் என்பதும், திருப்பாடல்களுட் பல புலம்பல்களே என்பதும் நினைக்கத்தக்கவை. முறையிட்டுப் புலம்புவது அவநம்பிக்கையன்று. அது வேதாகமம் அறிந்த ஒரு மன்றாட்டு.

இக்கால மருத்துவ அறிவும் ஏறக்குறைய இதே பக்கம் சார்கின்றது. பேரிடரைக் கண்டவர்களை உடனே கூட்டி, கண்டதையெல்லாம் ஒரே அமர்விற் சொல்லவைத்தால் மனநோய் தடுக்கப்படும் என்று ஒரு காலத்திற் பலர் நம்பினர். 2002இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, அம்முறையாற் பயன் கிட்டியதற்குச் சான்றில்லை எனக் காட்டியது. 2011இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைந்நூல், எவரையும் பேசும்படி வற்புறுத்தாமல், தேவையைக் கண்டு, சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, உரிய உதவியோடு இணைத்துவிடுமாறு கூறுகின்றது. துன்பம் நெடுநாள் நீடிக்குமாயின் வைத்தியரை நாடுவது நம்பிக்கைக் குறைவன்று. எலியாவுக்கு அப்பம் எவ்வாறு கடவுளின் கொடையாயிற்றோ, அவ்வாறே நோயுற்ற மனத்துக்கு மருத்துவமும் கொடையே.

இந்தத் துணை சில நாட்களோடு முடிவதுமன்று. நியூயோர்க்கின் இடிபாட்டுத் தூசியைச் சுவாசித்ததோடு தொடர்புடைய நோய்களால், 2023 செப்டெம்பர் அளவில் மேலும் 343 தீயணைப்புப் படையினர் இறந்திருந்தனர். ஒரே நாளில் மாண்டவர்களின் தொகையை, இருபத்திரண்டு ஆண்டுகளில் மெல்ல மெல்ல மாண்டவர்களின் தொகை எட்டிவிட்டது. கூட்டமும் புகைப்படக்காரரும் கலைந்து சென்ற பின்னரும், மருந்தும் இருமலும் விதவையரும் பிள்ளைகளும் எஞ்சியிருக்கின்றனர்.

யாத்திராகமத்தில் மோசேயைப் பற்றிய காட்சி ஒன்று உண்டு. அமலேக்கியரோடு போர் நடந்தபோது, குன்றின்மேல் நின்ற மோசே கைகளை உயர்த்தியிருக்கும்வரை இஸ்ரவேலர் மேலோங்கினர். கைகள் தாழ்ந்தபோது பின்னடைந்தனர். மோசேயின் கைகளோ சோர்ந்துபோயின. ஆரோனும் ஊர் என்பவரும் ஒரு கல்லைக் கொணர்ந்து அவரை உட்காரச் செய்து, இருபுறமும் நின்று, சூரியன் மறையும்வரை அக்கைகளைத் தாங்கினார்கள். மோசே போன்றவருக்கும் கை சோரும். தாங்குவோர் இருவர் வேண்டும். அதனைச் சொல்ல வேதாகமம் நாணவில்லை.

ஆரோனும் ஊரும் செய்த பணி எல்லா ஊரிலும் செய்யத்தக்கது. இலங்கையிலே 1990 என்ற இலக்கத்தை அழைத்தவுடன் வந்து நிற்கும் அம்புலன்ஸ் ஊழியருக்கும், நள்ளிரவிலே தீயணைப்பு வண்டியில் ஏறுபவருக்கும் வீடும் அயலும் உண்டு. கடமை முடிந்து வருபவருக்கு ஆறாத ஒரு கோப்பைத் தேநீர், அவர் பேசினாற் கேட்கும் செவி, பேசாவிட்டால் அதனைப் பொறுக்கும் மௌனம், அவர் இல்லாத இரவுகளில் அவருடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அயலார், வழிபாட்டிலே அவரை நினைக்கும் ஒரு மன்றாட்டு ஆகியவை சிறியவை, ஆனால் கைகூடுபவை. அழைப்பு மணி மறுபடியும் ஒலிக்கும்போது, அவர் எழுந்து செல்வதற்கு வேண்டிய வலிமை இவற்றிலிருந்தே சேர்கின்றது.