கல்லூரிக் கட்டணமும் உபகாரச் சம்பளமும்

குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி., சி. ராஜம் என்னும் தொழிலதிபர் தம் சொந்த மாளிகையை விற்றுத் திரட்டிய பணத்தைக் கொண்டு 1949-ஆம் ஆண்டில் தோற்றுவித்த ஸ்தாபனமாகும். அங்கே விமானப் பொறியியல் பயில இடம் பெற்ற ராமேசுவரத்து இளைஞர் ஒருவருக்குச் சேர்க்கைக்கு வேண்டியிருந்த ஏறத்தாழ 1,000 ரூபாயைத் தகப்பனாரால் புரட்ட இயலாமற் போகவே, தமக்கை தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார் என்பதும், பின்னொரு நாள் விமான வடிவமைப்பு வேலையில் திருப்தியுறாத பேராசிரியர் ஸ்ரீனிவாசன், மூன்று நாளில் வரைபடம் முடியாவிட்டால் உபகாரச் சம்பளம் நிறுத்தப்படும் என்று எச்சரித்தார் என்பதும், அப்துல் கலாமின் சுயசரிதையைப் படித்தோர் அனைவரும் அறிந்த செய்திகள். விடாமுயற்சிக்கு உதாரணமாகவே இவற்றை மேடைதோறும் எடுத்துச் சொல்கிறோம். ஆனால் ஜூன் மாதத்தில் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய குடும்பத்தார் இவற்றை ஒரு வரவுசெலவுக் கணக்காகவும் படிக்கலாம். இடம் கிடைத்த அன்று பணம் கிடைக்கவில்லை; பணம் கிடைத்த பிறகும் அது நிபந்தனைக்குக் கட்டுப்பட்டதாகவே இருந்தது. எந்த உதவியையும் மற்றொன்றோடு ஒப்பிட விரும்புவோர், அதன் தொகை எவ்வளவு என்பதைக் காட்டிலும், அது எப்போது கைக்கு வரும், எதனால் நின்று போகும் என்ற இரண்டையுமே முதலில் விசாரிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

எம்.ஐ.டி. இருக்கும் அந்தத் தடத்தில், சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்கு 1937-இல் குடிபெயர்ந்தது. அதன்பின் ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கிலும், பல்லாவரம் தொட்டுக் காட்டாங்குளத்தூர் வரையில், கல்லூரிகள் பெருகிய விஸ்தாரத்தைச் சொல்லி முடியாது. அரசுப் பல்கலைக்கழகம், அரசு உதவி பெறும் கல்லூரி, சுயநிதிக் கல்லூரி, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என நால்வகையும் ஒரே பேருந்துத் தடத்தில் அடுத்தடுத்து நிற்பதால், பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு எல்லாம் ஒரே ஜாதி என்று எண்ணிவிடுவது சுலபம். உபகாரச் சம்பளத்தைப் பொறுத்தவரை இந்தப் பேதமே பிரதானம். ஏனெனில் அரசாங்கத்தின் சலுகைகளிற் பல, மாணவர் எந்தக் கல்லூரியில் படிக்கிறார் என்பதையும் விட, எந்த வழியாக உள்ளே வந்தார் என்பதையே பார்க்கின்றன.

முதல் பட்டதாரிச் சலுகையை எடுத்துக்கொள்வோம். தாத்தா பாட்டி, தாய் தந்தை, உடன்பிறந்தோர் ஆகியோருள் எவரும் பட்டம் பெறாத குடும்பத்திலிருந்து முதன்முதலாகத் தொழிற்கல்விக்கு வருபவருக்கு, ஜாதியையோ வருமானத்தையோ கேளாமல், ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை படிப்புக் கட்டணத்தில் தள்ளுபடி தரும் இத்திட்டம் 2010-11 முதல் நடைபெற்று வருகிறது. கட்டணம் கட்டும்போதே கழித்துக்கொள்ளப்படுவதால், பின்னால் வருமென்று காத்திருக்கும் அவஸ்தை இதில் இல்லை. ஆயினும் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு மூலம் சேர்ந்தவருக்கே இது உரியது. சேலையூர், பல்லாவரம், வண்டலூர், காட்டாங்குளத்தூர் ஆகிய இடங்களில் உள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அந்தக் கலந்தாய்வுக்குள் வருவதில்லை. அவை தத்தமக்கென நுழைவுத் தேர்வும் கட்டண விகிதமும் வைத்திருப்பவை. அரசுப் பள்ளி மாணவருக்குரிய 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் அவ்வாறே. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து, இந்த ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாகப் பொறியியல் சேர்பவருக்குப் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. இந்த மாகாணத்தில் ஓர் ஏழை மாணவருக்கு இதனினும் பெரிய அனுகூலம் வேறில்லை என்றே சொல்வேன். கலந்தாய்வு முடியும் வரை பொறுக்காமல், மே மாதமே வேறெங்கோ முன்பணம் கட்டிவிட்டு இதை இழந்துவிடுவது பரிதாபம்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் பிரத்தியட்சமாகும். ஒரு பெண்ணுக்கு இரண்டு இடங்கள் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலாவது, ஆண்டுக் கட்டணம் 2,50,000 ரூபாய் உள்ள ஓரிடம். அவளுடைய மதிப்பெண்ணை மெச்சி ‘பாதிக் கட்டணம் தள்ளுபடி’ என்று கடிதம் வருகிறது. இரண்டாவது, கலந்தாய்வு வழியில் 55,000 ரூபாய் கட்டணமுள்ள சுயநிதிக் கல்லூரி. முதல் பட்டதாரிச் சலுகை போக 30,000 ரூபாய். வீட்டில் பெருமையோடு காட்டப்படுவது எந்தக் கடிதமென்று சொல்ல வேண்டியதில்லை. தள்ளுபடி முதலாண்டுக்கு மட்டுமே என்றால், முதல் இடத்தில் நான்காண்டுக்கு 8,75,000 ரூபாய் ஆகிறது. நான்காண்டும் நீடித்தாலும் 5,00,000 ரூபாய். இரண்டாவதில் 1,20,000 ரூபாய். இதனோடு கல்லூரிப் பேருந்து, தேர்வுக் கட்டணம், மேம்பாட்டுக் கட்டணம் முதலிய உபரிகளை இரு பக்கமும் சேர்க்க வேண்டும். ஏனெனில் தள்ளுபடி என்பது பெரும்பாலும் படிப்புக் கட்டணத்துக்கு மட்டுமே உரியது, உபரிகளைத் தொடுவதில்லை. மகளிருக்குச் சாதாரண மாநகரப் பேருந்துகளில் 2021 மே முதல் கட்டணம் இல்லையாதலால், கல்லூரிப் பேருந்து கட்டாயமா என்று ஒரு வார்த்தை கேட்பதிலும் கணிசமான பணம் மிச்சமாகலாம். இவ்வளவும் சொன்னதனால் மலிவான இடமே சிறந்த இடம் என்று சாதிப்பதாக நினைக்க வேண்டாம். ஆசிரியர், ஆய்வுக்கூடம், வேலைவாய்ப்பு இவற்றுக்கு விலை உண்டு. அந்த விலை இன்னதென்று தெரிந்து கொடுப்பது வேறு, சலுகை என்று நம்பிக் கொடுப்பது வேறு.

கலை, அறிவியல் படிப்பவர்களுக்கு இதே வித்தியாசம் ஒரே வளாகத்துக்குள் இருக்கிறது. கிறித்தவக் கல்லூரியைப் போன்ற பழைய கல்லூரிகளில் அரசு உதவி பெறும் பிரிவு ஒன்றும் சுயநிதிப் பிரிவு ஒன்றும் உண்டு. பாடம் ஒன்றாயிருந்தாலும் கட்டணம் ஒன்றல்ல. விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்று குறிக்கும் அந்தச் சிறு கட்டத்தைப் படியாமல் கையெழுத்திடுவோர் உளர்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறித்தவர் ஆகியோருக்கான போஸ்ட் மெட்ரிக் உபகாரச் சம்பளம் தனியாக விவரிக்கத்தக்கது. ஆதிதிராவிடருக்கான மத்திய அரசின் திட்டம் 1944-இலேயே பிறந்து, சுதந்திரத்துக்கும் மூத்ததாய் நிற்பது. குடும்ப ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்கு மேற்படாதவர்க்குப் படிப்புக் கட்டணமும் பராமரிப்புப் படியும் தருவது. 2020 டிசம்பரில் இதைத் திருத்தியமைத்த மத்திய அரசு, தன் 60 சதவீதப் பங்கை 2021-22 முதல் மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்புவதென்று முடிவு செய்தது. இடைத்தரகர் ஒழிந்தது நன்மைதான். ஆனால் கல்லூரி கேட்கும் தேதி ஒன்று, கணக்கில் பணம் விழும் தேதி வேறொன்று என்றாகிவிட்டபடியால், நடுவிலுள்ள மாதங்களுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி மாணவன் தலையில் விழுகிறது. சேரும் நாளன்றே கல்லூரி அலுவலகத்தில், பணம் வந்த பின் கட்டலாமா, முன்னதாகக் கட்டியே தீர வேண்டுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது விவேகம். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினருக்கும் மாநில அரசின் திட்டங்கள் உள்ளன. அவற்றுக்கும் வழி கல்லூரி அலுவலகமே.

அடுத்து, எதை எதனோடு சேர்த்து வாங்கலாம் என்ற விஷயம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 2022 செப்டம்பர் 5-ஆம் நாள் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. வேறு உதவித்தொகை பெறும் பெண்ணும் இதைப் பெறலாம் என்பதே இதன் விசேஷம். மேற்சொன்ன கணக்கில் அந்தப் பெண் அரசுப் பள்ளியில் படித்தவளாயின், நான்காண்டில் 48,000 ரூபாய் அவள் பக்கம் சேரும். ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-இல் தொடங்கியது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றோருக்கும் இவ்விரண்டும் இப்போது உண்டு. மத்திய அரசின் கல்லூரி மாணவர் உபகாரச் சம்பளமோ இப்படித் தாராளமானதன்று. பன்னிரண்டாம் வகுப்பில் தம் வாரியத்தில் மேல் 20 சதவீதத்துக்குள் வந்து, குடும்ப வருமானம் 4,50,000 ரூபாய்க்கு மேற்படாதவருக்கு, இளநிலைப் படிப்பில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் தரும் இது, வேறோர் உதவித்தொகை வாங்குபவருக்குக் கிடைக்காது. தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பிரகதி திட்டம் பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் தருவது; வருமான வரம்பு 8,00,000 ரூபாய், ஒரு குடும்பத்தில் இருவர் வரை. நடுத்தர வர்க்கத்தார் தங்களுக்கு எதுவுமில்லையென்று விலகிப் போகுமுன் இந்த ஒன்றையாவது பார்த்துவிட்டுப் போகலாம். இவையிரண்டுக்கும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

விண்ணப்பம் என்றதும் இனிஷியலைப் பற்றிச் சொல்லாமலிருக்க முடியாது. பள்ளிச் சான்றிதழில் ‘கவிதா சு.’, ஜாதிச் சான்றிதழில் ‘சு. கவிதா’, ஆதாரில் ‘கவிதா சுரேஷ்’, வங்கிப் புத்தகத்தில் வெறும் ‘கவிதா’ என்று ஒரே பெண் நான்கு ரூபங்களில் திகழ்வது நம் நாட்டில் சகஜம். நமக்கு நால்வரும் ஒருத்தியே. கணினிக்கோ நால்வரும் அந்நியர். மே மாதத்திலேயே இதைச் சரிசெய்வது, செப்டம்பரில் விண்ணப்பம் திரும்பிவந்த பின் ஓடுவதைக் காட்டிலும் மேல். வருமானச் சான்றிதழும் முதல் பட்டதாரிச் சான்றிதழும் இ-சேவை மையத்தில் மனுச் செய்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் பரிசீலனையைக் கடந்து, வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வருபவை. தேர்வு முடிவு வெளியான வாரத்தில் தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் வட்டத்தார் அனைவரும் ஒருசேர மனுச் செய்வதால், முன்கூட்டி வாங்கியவரே பாக்கியசாலி. வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்கே செல்லும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

வங்கிக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நேரடியாக வரும் உதவித்தொகை, விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு எண்ணைப் பாராமல், ஆதாரோடு கடைசியாக இணைக்கப்பட்ட கணக்கைத் தேடிச் செல்வதுண்டு. எட்டாம் வகுப்பில் பள்ளியில் தொடங்கிக் கொடுத்து, பிறகு எவரும் தொடாமல் உறங்கிப்போன கணக்கில் பணம் விழுந்து கிடக்க, இங்கே குடும்பமே கல்லூரியைக் குறை கூறிக்கொண்டிருப்பது அதனால்தான். எந்த வங்கியில் இணைப்பு உள்ளதென்று ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

கிடைத்ததைக் காப்பாற்றுவது வேறொரு வித்தை. கணித மேதை ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்து, கணிதமன்றி வேறெதிலும் சித்தம் செல்லாமையால் மற்றப் பாடங்களில் தவறி, அதை இழந்தார். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் அளிக்கும் வரையில் அவர் பட்ட பாடு உலகறிந்தது. இன்றும் நிபந்தனைகளுக்குக் கண் இல்லை. மேற்கூறிய மத்திய உபகாரச் சம்பளம் அடுத்த ஆண்டும் தொடர 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும்; ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். தனியார் நிறுவனங்கள் தரும் தள்ளுபடிகளின் நிபந்தனை இதைவிடக் கடுமையாக இருக்கலாம். ஒரு பாடத்தில் அரியர் விழுந்தால் தள்ளுபடி போய்விடுமா என்று சேருமுன் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

தர்ம ஸ்தாபனங்களும் உள்ளன. அரசுப் பள்ளியில் பயின்ற ஏழை மாணவரைக் கல்லூரிக்கு அனுப்பும் அகரம் அறக்கட்டளையின் ‘விதை’ திட்டம் 2010 முதல் தமிழ்நாடெங்கும் பெயர் பெற்றது. உண்மையான தர்மம் எதுவும் முன்பதிவுக் கட்டணம் கேட்பதில்லை. கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

இத்தனைக்கும் பிறகு துண்டு விழுமாயின் கல்விக்கடன். 4,00,000 ரூபாய் வரை ஈடு கேட்கலாகாது என்பது வங்கிகளின் பொதுத் திட்டம்; கடன் உத்தரவாத நிதியின் கீழ் 7,50,000 வரை அவ்வாறே. தவணை, படிப்பு முடிந்து ஓராண்டு கழிந்தே தொடங்கும் என்றாலும், வட்டி முதல் நாளே தொடங்கிவிடுகிறது: 4,00,000 ரூபாய்க்கு 10 சதவீதமானால் ஆண்டுக்கு 40,000. குடும்ப வருமானம் 4,50,000-க்கு உட்பட்டுத் தொழிற்கல்வி பயில்வோருக்கு அந்தக் காலத்து வட்டியை மத்திய அரசு செலுத்தும் ஏற்பாடு உண்டு. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி, தரவரிசையில் உயர்ந்த கல்வி நிலையங்களில் சேர்ந்தோருக்கு, 8,00,000 வரை வருமானமிருந்தாலும், 10,00,000 ரூபாய்க் கடன் வரையில் 3 சதவீத வட்டித் தள்ளுபடி தருகிறது. உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் உள்ளதா என்பதைச் சேருமுன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். வங்கி மேலாளர் கேட்பது சேர்க்கைக் கடிதமும், ஆண்டுவாரியான கட்டண விவரத்தோடு கூடிய போனஃபைட் சான்றிதழும். கடன் அனுமதியாகிப் பணம் கல்லூரிக்குச் செல்லச் சில வாரங்கள் பிடிக்குமாதலால், அனுமதிக் கடிதத்தின் நகலை இணைத்து, முதல் தவணைக்கு அவகாசம் கேட்டு முதல்வருக்கு ஒரு மனுவை, கடைசித் தேதிக்கு முன்னதாகவே கொடுத்து, நகலில் முத்திரை பெற்றுக்கொள்வது நல்லது.