அப்பாவுக்கு ஒரு நீச்சல் கண்ணாடி!

ஒரு சின்னக் கேள்வி பாஸ்... உங்க அப்பா கடைசியா எப்போ ஓடினார்? 'பஸ்ஸைப் பிடிக்க'ன்னு எல்லாம் பதில் சொல்லக் கூடாது. சும்மா ஆசைக்காக, மூச்சு வாங்க, சிரிச்சுக்கிட்டே ஓடினது எப்போ? யோசிக்கிறீங்கல்ல... அவரைக் கேட்டாலும் யோசிப்பார்!

நாற்பத்தைந்தைத் தாண்டினதும் நம்ம வீடுகள்ல ஒரு வசனம் தானா வந்து உட்கார்ந்துக்கும். 'இனிமே எனக்கு என்னப்பா... நீ நல்லா இருந்தா போதும்!' உங்க காலேஜ் ஃபீஸ், வீட்டு லோன், தங்கச்சி நகைச் சீட்டுனு எல்லாத்தையும் ஒழுங்கா கட்டின மனுஷன், தன் உடம்புக்கு மட்டும் பாக்கி வெச்சிருப்பார். அம்மா கதை இன்னும் மோசம். 'பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு நீச்சல்?'னு எப்பவோ யாரோ சொன்னதை இன்னிக்கு வரைக்கும் நம்பிட்டு இருப்பாங்க.

'வயசாச்சு' என்கிற அந்த வார்த்தையைத் தண்ணியில் முக்கி எடுத்த மூணு பேரைப் பார்ப்போமா?

மூணு ஆட்டம், ஒரே மூச்சு!

அதுக்கு முன்னாடி ஒரு குட்டி அறிமுகம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவேளை இல்லாமல் அடுத்தடுத்து முடித்தால், அதுதான் ட்ரையத்லான். ஈரத்தோட ஓடி வந்து ஷூ மாட்டுற நேரம்கூடக் கணக்குல சேரும். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் இது முதன்முதலா இடம்பிடிச்சது. அங்கே 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம்.

இதுக்கு ஒரு பெரியண்ணன் உண்டு. பேரு அயர்ன்மேன். 3.8 கி.மீ. நீந்தி, 180 கி.மீ. சைக்கிள் மிதிச்சு, 'அப்பாடா'னு இறங்கினா, முழு மாரத்தான் 42.2 கி.மீ. காத்துட்டு இருக்கும். 1978-ல் ஹவாயில் இது தொடங்கியபோது கிளம்பியவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர்தான். வழக்கமா 17 மணி நேரத்துக்குள்ள எல்லைக்கோட்டைத் தொடணும்.

'பாதி ராத்திரி வரைக்கும் ஓடணுமா? ஆளை விடுங்க சாமி!'னு உங்களுக்கே தோணுதுல்ல... இப்போ படிங்க.

கன்னியாஸ்திரி, கணவர், பாட்டி

மடோனா பியூடர். அமெரிக்கக் கன்னியாஸ்திரி. ஒரு பாதிரியார் யோசனை சொன்னதால் 48 வயதில் ஓட ஆரம்பித்தார். 52 வயதில் முதல் ட்ரையத்லான். 2012-ல் கனடாவில் அயர்ன்மேனை முடித்தபோது அவருக்கு வயது 82! 'அயர்ன் நன்' என்று உலகமே செல்லப்பெயர் வைத்துவிட்டது.

அடுத்தவர் ஜப்பானின் ஹிரோமு இனாடா. செய்தியாளரா இருந்தவர். நோயாளி மனைவியைக் கவனிச்சுக்க 60 வயதில் வேலையை விட்டார். உடம்பு தெம்பா இருந்தாத்தானே பார்த்துக்க முடியும்னு நீச்சலுக்குப் போனார். 70 வயதில் முதல் ட்ரையத்லான். மனைவி இறந்த பிறகும் நிறுத்தலை. 2015-ல் ஹவாயில் நடந்த உலக சாம்பியன்ஷிப்... எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியுது. கால் ஒத்துழைக்கலை. சில நொடிகள் தாமதம், கணக்கில் வராது! 82 வயசு மனுஷன் என்ன செய்திருக்கணும்? 'போதும்'னு வீட்டுக்குப் போயிருக்கலாம். அடுத்த வருஷமே திரும்பி வந்து முடித்தார். 2018-ல், 85 வயதில், மறுபடியும் முடித்தார்!

மூணாவது ஆள், நேட்டலி கிரேபோ. அமெரிக்கப் பாட்டி. நீச்சல் கத்துக்கிட்டதே 59 வயதில்! 2025 அக்டோபரில் அதே ஹவாய் பந்தயத்தை 80 வயதில் 16 மணி 45 நிமிடத்தில் முடித்தார். அந்த உலக சாம்பியன்ஷிப்பை முடித்த பெண்களிலேயே மூத்தவர் இவர்தான்.

'நம்ம மிலிந்த் சோமன்கூட 2015-ல் அயர்ன்மேன் முடிச்சாரே'னு கேட்பீங்க. சபாஷ்தான்! ஆனா, அவர் சின்ன வயசிலேயே தேசிய அளவுல நீந்தினவர். இந்தப் பாட்டியோ அறுபதுக்குப் பக்கத்துல வந்து 'அ, ஆ' எழுதினவங்க. நம்ம அப்பா, அம்மா கட்சி இவங்கதான்!

தண்ணி ஏன் பயமுறுத்துது?

கிராமத்துல மாமா பையனை முதுகுல சுரைக்குடுக்கை கட்டி கிணத்துல தள்ளிவிடுவாங்க. நாலு மடக்கு தண்ணி குடிச்சு, அஞ்சாவது நாள் நீந்திடுவான். பெரியவங்களுக்கு அது செட் ஆகாது. காரணம், கை கால் பலவீனம் இல்லை... மூச்சு!

பயத்துல மூச்சை அடக்கிப்போம். தலையைத் தூக்குவோம். தலை மேலே போனா, இடுப்பும் காலும் கீழே போகும். உடம்பு செங்குத்தா நிக்கும். அப்புறம் எவ்வளவு கையை வீசினாலும் வேஸ்ட். காத்தைவிடத் தண்ணி சுமார் 800 மடங்கு அடர்த்தி. அதோட சண்டை போட்டா தண்ணிதான் ஜெயிக்கும்! அதனால முதல் பாடம் நீந்துறது இல்லை. முகத்தைத் தண்ணிக்குள்ள வெச்சு, மூக்கு வழியா மெதுவா மூச்சு விடுறது. பிறகு மிதக்குறது. பிறகு பலகையைப் பிடிச்சுக் காலடிக்கிறது. ஃப்ரீஸ்டைல்ல தலையைத் தூக்காம, பக்கவாட்டுல திருப்பி மூச்சு எடுக்கிறது கடைசியாத்தான்.

ஒரு நல்ல சேதி... உடம்போட எடையைத் தண்ணி தாங்கிக்கிறதால, மூட்டு வலிக்காரங்களுக்கு ஓட்டத்தைவிட இது இதமா இருக்கும்.

ஆனா, மூச்சைவிடப் பெரிய வில்லன் ஒண்ணு உண்டு. வெட்கம்! பக்கத்துல ஆறு வயசு வாண்டு டைவ் அடிக்கும். நம்ம அப்பா கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார். அங்கே யாராவது ஒருத்தர் 'களுக்'னு சிரிச்சா, மறுநாள் வரமாட்டார். அந்த ஒருத்தர் நீங்களா இருக்கக் கூடாது!

உங்க ஹோம்வொர்க்

முதல்ல டாக்டர். பி.பி., சுகர், இதயம் மூணையும் பார்த்துட்டுத்தான் குளத்துல இறங்கணும். அடுத்து, ஆழம் குறைஞ்ச, உயிர்காப்பாளர் இருக்கிற குளம், ஒரு பயிற்சியாளர். கிணறு, ஏரி, கடலில் தனியா இறங்குறதுக்கு ஸ்ட்ரிக்ட்டா தடா! குளத்துல பிடிக்கச் சுவர் இருக்கு. கடல்ல இல்லை.

எடுத்த எடுப்புல அயர்ன்மேன் கனவெல்லாம் வேண்டாம். ஸ்பிரின்ட் ட்ரையத்லான்னு சின்னது ஒண்ணு இருக்கு. 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். 25 மீட்டர் குளத்துல 30 தடவை போனா 750 மீட்டர். இன்னிக்கு அரைத் தடவை போதும். பந்தயத்துக்கே போகாட்டியும் பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்காம இருந்தா அதுவே மெடல்தான்!

கடைசியா ஒண்ணு. உங்களுக்கு சைக்கிள் கத்துக்கொடுத்த நாள் ஞாபகம் இருக்கா? சீட்டைப் பிடிச்சுக்கிட்டே பின்னாடி ஓடி வந்தார். 'விட்டுடாதப்பா'னு நீங்க கத்தினீங்க. 'பிடிச்சிருக்கேன், போ'னு சொல்லிக்கிட்டே எப்பவோ விட்டிருந்தார்.

ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு பதில் கிடைச்சிடுச்சா? அப்பா கடைசியா ஆசையா ஓடினது அன்னிக்கா இருக்கலாம்!

இந்த ஞாயித்துக்கிழமை நீங்களும் அவரோட தண்ணியில இறங்குங்க. முதுகுக்குக் கீழே கையைக் கொடுங்க. 'பிடிச்சிருக்கேன்ப்பா, தலையைச் சாய்ங்க'னு சொல்லுங்க.

மிச்சத்தைத் தண்ணி பார்த்துக்கும்!