செய்தி சுமந்த கலைகள்

திரையரங்கின் வாயிலில் பாட்டுப் புத்தகம் விற்ற காலம் ஒன்று இருந்தது. கதைச்சுருக்கம், நடிகர் பெயர்கள், பாடல்கள் என மெலிந்த சில பக்கங்கள். விலையோ சில்லறைக் காசு. பாடல் மனப்பாடம் ஆனதும் அது பழைய தாள்களோடு எடைக்குப் போயிற்று. அத்தகைய தாள்களை வரலாற்று ஆவணங்களாகக் கண்டவர் சு. தியடோர் பாஸ்கரன்.

1940இல் தாராபுரத்தில் பிறந்த இவர், தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வரலாறு பயின்றார். பின்னர் இந்திய அஞ்சல் பணியில் சேர்ந்தார். கடிதங்களைக் கொண்டுசேர்க்கும் துறையில் இருந்தவர், கடிதம் படிக்க அறியாத மக்களிடம் செய்தி எவ்வாறு சென்றது என ஆராய்ந்தது வியப்பிற்குரிய பொருத்தமே.

விடுதலைப் போராட்ட வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் தலைவர்களின் உரைகளையும் நாளிதழ்களையும் சான்றாகக் கொண்டனர். ஆனால், அன்றைய தமிழ் மக்களுள் பெரும்பாலோர் எழுத்தறிவு பெறாதவர்கள். அவர்களை எட்டியவை நாடகமும் இசைத்தட்டும் திரைப்படமுமே. கற்றோர் தாழ்வாகக் கருதிய இக்கலைகளைப் பற்றித் தியடோர் பாஸ்கரன் ஆங்கிலத்தில் எழுதிய 'தி மெசேஜ் பேரர்ஸ்' என்னும் நூலை, 1981இல் சென்னை க்ரியா பதிப்பகம் வெளியிட்டது. 'செய்தி சுமந்தோர்' என அத்தலைப்பைத் தமிழில் கூறலாம்.

மேடை எவ்வாறு செய்தி சுமந்தது? வள்ளி திருமண நாடகத்தில் தினைப்புனம் காக்கும் வள்ளி பறவைகளை விரட்டுவாள். அக்காட்சியில் வெள்ளைக் கொக்கை விரட்டும் பாடல் ஒலித்தது. கொக்கு யாரென்பது அவையோருக்கு விளங்கிற்று; காவலருக்கும் விளங்காமல் இல்லை. இத்தகைய பாடல்களைப் பாடிப் பன்முறை சிறை சென்ற நடிகர் விசுவநாததாஸ், 1940 டிசம்பரில் சென்னை மேடையொன்றில் முருகன் வேடத்திலேயே உயிர்நீத்தார்.

திரைப்படத்திற்குத் தணிக்கை என்னும் தடை இருந்தது. 1937இல் சென்னை மாகாணத்தில் காங்கிரசு அமைச்சரவை அமைந்தபின் அது தளர்ந்தது. தேசியக் கருத்துகள் திரையில் துணிவுடன் தோன்றின. கல்கியின் கதையைக் கொண்டு கே. சுப்பிரமணியம் இயக்கிய 'தியாக பூமி' 1939இல் வெளிவந்தது. மயிலாப்பூர் மாட வீதிகளில் மார்கழி பஜனை பாடிவந்த பாபநாசம் சிவன் அதில் சம்பு சாஸ்திரியாக நடித்தார். அவ்வாண்டின் இறுதியில் அமைச்சரவை பதவி விலகியது. அதன்பின் அப்படத்தை ஆங்கில அரசு தடைசெய்தது. படம் மாறவில்லை; ஆட்சிதான் மாறிற்று. தணிக்கையின் வரலாற்றை அரசியல் வரலாற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இவ்வாய்வில் பெரும் இடர், சான்றுகளின் அழிவு. கீழ்ப்பாக்கத்தில் ஆர். நடராச முதலியார் எடுத்த மௌனப் படமான 'கீசக வதம்' இன்று நமக்குக் கிடைக்கவில்லை. படச்சுருளே இல்லாதபோது விளம்பரத் தாளும் விமரிசனமும் பாட்டுப் புத்தகமுமே ஆய்வாளருக்குத் துணை.

1998இல் தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல்துறைத் தலைவராக ஓய்வு பெற்ற தியடோர் பாஸ்கரன், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் இயக்குநரானார். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாளெல்லாம் திரட்டிய நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் அதன் அடித்தளம். தரமணியில் இயங்கும் அந்நூலகத்தில், எடைக்குப் போகாமல் தப்பிய பாட்டுப் புத்தகங்களையும் நாடக விளம்பரத் தாள்களையும் இன்று காணலாம்.