மீன் தொட்டிச் செடிக்கு சர்க்கரை பாட்டில்… இரவில் கவனம்!

நெல் வயலில் களையென்று பிடுங்கி எறிகிறோமே நீர்க்கிராம்பு, அதன் இனத்துச் செடிகள்தான் சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் ‘லுட்விஜியா’ என்று காசுக்கு விற்கின்றன. வயலில் அடக்க முடியாத செடி, வீட்டுத் தொட்டியில் நட்டால் அடியிலை உதிர்ந்து நலிந்து போகிறது. பென்னலூர், இருங்காட்டுக்கோட்டை பக்கம் தொட்டி வைத்திருப்பவர்கள் உடனே உரம் தேடுவார்கள். ஆனால், பெரும்பாலும் குறைவது கரியமில வாயு. காற்றில் பரவுவதைவிட தண்ணீரில் அது சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது.

வேலம்பாசி, வாலிஸ்நேரியா மட்டும் வளர்ப்பவர்களுக்கு இந்த வேலையே வேண்டாம். போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் உப்பிலிருந்தே அவை எடுத்துக்கொள்ளும். சிவப்பு இலைச் செடிகளுக்குத்தான் தனியாக வாயு தேவை.

இரண்டடித் தொட்டிக்கு 2 லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில் ஒன்று போதும். கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது. 200 கிராம் சர்க்கரையை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, பேக்கரி ஈஸ்ட் கால் டீஸ்பூன் சேர்க்க வேண்டும். மூடியில் துளையிட்டு, டியூபைச் செருகி, எம்-சீல் வைத்து அடைக்கலாம். இட்லி மாவைப் பொங்க வைக்கிற அதே வாயுதான் இதிலும் வரும். சர்க்கரையின் எடையில் ஏறக்குறைய பாதி வாயுவாகும், மீதி சாராயம். அதனால் டியூபை நேராகத் தொட்டிக்கு விடாமல், பாதி தண்ணீர் நிரப்பிய சின்ன பாட்டில் ஒன்றை இடையில் வைப்பது அவசியம். பொங்கி வரும் நுரை அதிலேயே தங்கிவிடும். டியூப் முனையை ஃபில்டர் உறிஞ்சும் வாய்க்குக் கீழே வைத்தால், குமிழி நொறுங்கி நன்றாகக் கரையும். ஒருமுறை கலந்தால் ஒன்றிரண்டு வாரம் வரும். சித்திரை வெயிலில் சீக்கிரமே தீர்ந்துவிடும்.

சிக்கல் விளக்கை அணைத்த பிறகுதான். இருட்டில் செடி வாயுவை எடுக்காது. மீனோடு சேர்ந்து ஆக்சிஜனைத்தான் எடுக்கும். ஈஸ்ட்டோ தூங்காது! விடியற்காலையில் மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திணறினால் காரணம் இதுதான். மின்வெட்டில் ஃபில்டரும் நின்றுவிட்டால் நிலைமை இன்னும் மோசம்.

இரவில் வாயுவை நிறுத்த, குளுக்கோஸ் டியூபில் இருக்கும் உருளையைத் திருகி அடைப்பவர்கள் உண்டு. இது மகா ஆபத்து. போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி பாட்டில் வெடிக்கலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த உருளையையே கழற்றி எறிந்துவிடுவது நல்லது. டியூபைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துப்போட்டாலே போதும். கூடவே ஏர் பம்ப்பை ஓடவிட வேண்டும். மீன் திணறுவதைப் பார்த்தால், குளோரின் போக ஒருநாள் பிடித்துவைத்த தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு மாற்றலாம்.

புளித்து முடிந்த கரைசலை ஆடு, மாடு வாய் வைக்கும் இடத்தில் கொட்டாமல் எருக்குழியில் ஊற்றிவிடுங்கள்.