அறிவின் வரைபடம்

மதுரைக்கு வடக்கே, சிறுமலை ஒருபுறமும் பழனி மலைத்தொடர் மறுபுறமும் சூழ அமைந்த சமவெளியில் விளங்கும் ஊர் திண்டுக்கல். அங்குள்ள பாறைக் குன்றின்மீது நாயக்க மன்னர் எழுப்பிய கோட்டை இன்றும் நிற்கின்றது. எனினும், அவ்வூரின் பெயரை நாடெங்கும் பரப்பியது பூட்டுத் தொழிலேயாகும். 2019ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டு புவிசார் குறியீடும் பெற்றது.

பூட்டின் உள்ளே லீவர் எனப்படும் மெல்லிய தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். சாவியின் பற்கள் அவை ஒவ்வொன்றையும் உரிய உயரத்திற்கு உயர்த்தினாலன்றித் தாழ் நகராது. உயரம் சற்றே மிகினும் குறையினும் பூட்டுத் திறவாது. அவ்வளவிற்கேற்பத் தகட்டை அரத்தால் ராவி அமைத்தல் வேண்டும். எவ்வளவு ராவினால் போதும் என்பதைத் தேர்ந்த தொழிலாளியின் கண்ணும் விரலும் அறியும். அதனை அவரே சொல்லால் விளக்க முயன்றாலும் முழுதும் விளக்குதல் அரிது.

இத்தகைய அறிவு ஏட்டில் இல்லை, ஆளிடத்தே உள்ளது. ஆள் மறையின் அறிவும் உடன் மறையும். இயந்திரங்கள் செய்யும் பூட்டுகளின் போட்டியாலும் வருவாய்க் குறைவாலும் இளைஞர் பலர் இன்று பட்டறையை நாடுவதில்லை. முதியோர் கைத்திறனைப் பெற்றுக்கொள்ள ஆளில்லையேல், பல்லாண்டு முயன்று தேடிய செல்வம் பாழாகும் அன்றோ?

இவ்விடர் சிறு பட்டறைகளுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவும் இதனை எதிர்கொண்டது. சென்டார் என்னும் ராக்கெட்டிற்காக உழைத்த பொறியாளர் பலர் ஓய்வு பெறலாயினர். ஏடுகளும் வரைபடங்களும் எஞ்சியிருப்பினும், ஒன்றை ஏன் அவ்வாறு அமைத்தனர் என்னும் காரணம் அவர்தம் நெஞ்சிலேயே இருந்தது. ஆகவே, கிளென் ஆய்வு மையத்தில் அவர்களோடு அமர்ந்து உரையாடி, அவர்கள் அறிந்தவற்றைக் கருத்து வரைபடங்களாகக் கணினியில் பதிவு செய்தனர். கருத்து வரைபடம் என்னும் முறை 1972இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜோசப் நோவாக்கும் அவர் குழுவினரும் கண்டது. பள்ளிச் சிறுவர் அறிவியலை எவ்வாறு உணர்ந்து வளர்கின்றனர் என்பதை அறியவே அவர்கள் அதனை முதலில் வகுத்தனர்.

இத்தகைய நோக்கிற்கு உதவுபவையே அறிவு வரைபட மென்பொருள்கள். அவை இயங்கும் முறை எளிது. பத்துப் பேர் பணிபுரியும் ஒரு பூட்டுப் பட்டறையை எண்ணிக் கொள்வோம். ஒருபுறம் அவர்தம் பெயர்களும், மறுபுறம் தகடு வெட்டுதல், சாவி ராவுதல், லீவர் பொருத்துதல், மெருகிடுதல் முதலிய திறன்களும் குறிக்கப்படும். யார் எதனை அறிவர், ஐயம் வந்தால் யாரிடம் கேட்பர் என வினவி, விடைக்கேற்பக் கோடுகள் இழுக்கப்படும். பின்னர், மென்பொருள் அக்கோடுகளை எண்ணி ஆராயும். ஒரு திறனுக்கு ஒரே கோடு மட்டும் சென்றால், அதனை அறிந்தவர் ஒருவரே என்பது விளங்கும். அவரும் முதியவராயின், காலந்தாழ்த்தாது மற்றொருவரைப் பயிற்றுதல் வேண்டும். பலரும் தேடிச் செல்லும் ஒருவர் பதவியில் சிறியவராக இருத்தலும் உண்டு; வரைபடம் அவர்தம் பெருமையை வெளிப்படுத்தும். ஆயிரக்கணக்கானோர் பணிபுரியும் நிறுவனங்களில், மனித நினைவால் இக்கணக்கைக் காத்தல் இயலாது. அங்கே கணினியின் துணை இன்றியமையாதது.

எனினும், மென்பொருள் தனக்குக் கூறப்பட்டதை மட்டுமே அறியும். அறிந்ததைச் சொல்லிவிட்டால் தம் பிழைப்பு போய்விடும் என அஞ்சுபவர் வாய் திறவார். அவருக்கு உரிய மதிப்பும் ஊதியமும் அளித்து, அவ்வச்சத்தைப் போக்குதல் நிறுவனத்தின் கடமையாகும். மேலும், அரம் பிடிக்கும் பக்குவத்தை எந்த வரைபடமும் கற்பிக்காது. யாரிடம் சென்று கற்க வேண்டும், எதனை முதலில் கற்க வேண்டும் என்பனவற்றையே அது காட்டும். கற்க விரும்புவோர் அப்பெரியவர் வாழும் காலத்திலேயே அவர் அருகில் சென்று அமர்ந்து, அரத்தைக் கையில் எடுத்தல் வேண்டும்.